பொழியூருக்குப் போன ஒன்று புள்ளி பத்து

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி இருந்தார். சுழலுகிற நாற்காலியில். சுழலவில்லை.

புரோகிராம் எழுதுகிற பெண் இருந்தாள். கீபோர்டுக்கு முன்னால்.

பொழியூர் ஐஸ் கம்பெனியின் கணக்கர் இருந்தார். அவர் சட்டைப் பையில் ஒரு பிளாப்பி. வழக்கு அதைப் பற்றித்தான்.

என் மனைவி இருந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது.

நான் இருந்தேன். கதவு ஓரம்.

கம்ப்யூட்டரையும் சேர்த்தால் ஆறு. அன்றைக்கு நீதிபதி அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை. இடம் அமரவிளை, நெடுஞ்சாலை ஓரம். கீழே டயர் ஒட்டுகிற கடை, மேலே எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். கீழே ரப்பர் வேகும். மேலே ஊதுபத்தி கொளுத்துவோம். இரண்டும் சேர்ந்து ஒரு வாசம் வரும். படிக்க வருகிற பிள்ளைகள் கம்ப்யூட்டர் வாசமே அதுதான் என்று நினைத்திருந்தார்கள்.

என் வேலை பெருக்குவது, செருப்புகளை வெளியே வரிசையாக வைப்பது, பிளாப்பி கொண்டு போவது. மூன்றாவதுதான் பெரிய வேலை.

முதலாளி நான்கு இடத்துக்குப் பில் போடுகிற புரோகிராம் கொடுத்திருந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடை. பாறசாலையில் ஒரு ஹார்டுவேர் கடை. ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடை. பொழியூரில் ஐஸ் கம்பெனி. எழுதுவது அந்தப் பெண். எங்காவது ஒரு தப்பு வந்தால் திருத்துவாள். திருத்தியதை ஒரு பிளாப்பியில் போடுவாள். அந்த ஒரே பிளாப்பியை நான் சைக்கிளில் நான்கு இடத்துக்கும் கொண்டு போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். அலுமினியச் சோற்றுப் பாத்திரத்தில், துணி சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு. சோறு தனியாக இலையில்.

ஒவ்வொரு தடவையும் ஒரு எண் உண்டு. வெர்ஷன் என்று சொன்னாள். முதல் பிளாப்பி 1.1. அடுத்தது 1.2.

"அண்ணே, மொத்தமா மாத்தி எழுதினா புள்ளிக்கு இடப்பக்கம் கூடும். சின்னத் திருத்தம்னா வலப்பக்கம் கூடும். அவ்வளவுதான்" என்றாள்.

"சர்வே நம்பர் மாதிரி" என்றேன்.

"அது எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவன் நான். எண்பத்தேழு என்று ஒரு நிலம். அதைப் பிள்ளைகள் பங்கு வைத்தால் எண்பத்தேழில் ஒன்று, எண்பத்தேழில் இரண்டு. பங்கு கூடக்கூட வலப்பக்கம் கூடும். இடப்பக்கம் அசையாது. அவள் புள்ளி வைத்தாள். நாங்கள் சாய்ந்த கோடு போட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த புரோகிராம் ஒரு சின்ன காரியம் செய்யும். பிளாப்பியைப் போட்டதும், இந்த மெஷினில் ஏற்கெனவே இருக்கும் எண் என்ன, வந்திருக்கும் எண் என்ன என்று இரண்டையும் பார்க்கும். வந்தது புதிது என்றால், புதியது, ஏற்றட்டுமா என்று கேட்கும். பழையது என்றால், பழையது, வேண்டாம் என்று நின்றுவிடும். இங்கிலீஷில்தான் சொல்லும். பெண் எனக்கு அர்த்தம் சொல்லித் தந்திருந்தாள். யாராவது தெரியாமல் பழைய பிளாப்பியைப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடக் கூடாது. அதற்கான பூட்டு அது. நல்ல பூட்டு. ஒன்பது தடவை ஒழுங்காகத் திறந்தது.

1.9 போய் ஒரு மாதத்தில் ஐஸ் கம்பெனியில் ஒரு தப்பு கண்டார்கள். அரைக்கட்டி ஐஸ் கொடுத்தால் முழுக்கட்டிக்குப் பில் அடிக்கிறது. மீன்காரர்கள் சும்மா விடுவார்களா. பெண் புதன்கிழமை உட்கார்ந்து திருத்தினாள். எண் 1.10. பொழியூருக்கு முதலில் கொண்டு போ என்று முதலாளி சொன்னார். வியாழக்கிழமை போனேன்.

அங்கே கரண்டு இல்லை. கணக்கர் உச்சக்கடையில் பேங்குக்குப் போயிருந்தார். ஐஸ் உடைக்கிறவரிடம் பிளாப்பியைக் கொடுத்தேன். கணக்கருடைய மேசை டிராயரில் வைக்கச் சொன்னேன். திரும்பினேன்.

வழியில் உச்சக்கடையில் நின்றேன். ஒரு கள்ளுக்கடையில்.

இதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

நான் குடித்தவன். நன்றாகவே குடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த வியாழக்கிழமைக்கு நான்கு வருஷம் முடிந்திருந்தது. சாட்சி என் மனைவியின் மூக்கு. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் கதவு திறக்கும், பின்னாலேயே மூக்கு வரும். ஒன்றும் கேட்க மாட்டாள். முகர்ந்துவிட்டு உள்ளே போவாள். நான்கு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. நானும் கோபப்பட்டதில்லை. நான் கொடுத்த கஷ்டத்துக்கு அவளிடம் பாக்கி இருந்த ஒரே ரசீது அது.

கள்ளுக்கடையில் நான் குடிக்கவில்லை. கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்றேன். அந்தக் கடை மீன்கறி அப்படி. என் மனைவி நல்ல சமையல்காரிதான். மீன்கறி மட்டும் வராது. புளி கூடும், இல்லாவிட்டால் மீன் கரையும். இதை அவளிடம் சொல்வதைவிடக் குடித்தேன் என்று சொல்வது எளிது.

வீட்டுக்குப் போனேன். மூக்கு வந்தது. கொஞ்சம் நின்றது.

"மீன் வாசம் அடிக்கு" என்றாள்.

"பொழியூர்" என்றேன்.

கடல் இருக்கிற ஊர். அதற்கு மேல் அவள் என்ன கேட்பாள்.

அன்று பேங்கில் இருந்து பஸ்ஸில் திரும்பிய கணக்கர், கள்ளுக்கடைக்கு முன்னால் என் சைக்கிளைக் கண்டிருக்கிறார். என் சைக்கிள் கேரியரில் டயர்க்கடைக்காரன் ஒரு சிவப்பு ரப்பர்த் துண்டு ஒட்டித் தந்திருந்தான். மூன்று பஞ்சாயத்தில் அப்படி ஒரு சைக்கிள் கிடையாது. பிறகு அவர் ஆபீசுக்குப் போனார். கரண்டு வந்தது. பிளாப்பியைப் போட்டார். மெஷின் சொன்னது: இருப்பது 1.9. வந்தது 1.1. பழையது. வேண்டாம்.

அவர் முதலாளிக்கு போன் செய்தார். சைக்கிளையும் சொன்னார், 1.1-ஐயும் சொன்னார்.

முதலாளி இரண்டையும் கூட்டினார். குடித்தான், புது பிளாப்பியை எங்கேயோ போட்டான், வீட்டில் கிடந்த முதல் பிளாப்பியைக் கொடுத்து ஏமாற்றினான். 1.2 வந்த பிறகு வேண்டாமல் கிடந்த 1.1-ஐ நான் வீட்டுக்குக் கொண்டு போனது அவருக்குத் தெரியும். அவரிடம் கேட்டுத்தான் கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை காலை என்னிடம் சொன்னார். "திங்கள்கிழமை முதல் நீ வரண்டாம். நாளைக்கு வா. கணக்கரும் வருவாரு. பிளாப்பியைக் காட்டித் தந்து கணக்குத் தீக்குகேன்."

"நான் கொண்டு போனது புதுசு" என்றேன்.

"மெஷின் பொய் சொல்லாது. நீ சொல்லுவ."

வேலை போனால் வேறு வேலை உண்டு. சங்கிலி பிடிக்கத் தெரியும். ஆனால் கணக்கர் எங்கள் சபைக்காரர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம். என் மனைவி போயிருந்தாள். கணக்கர் அங்கே சைக்கிள் கதையைச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவளின் மூக்கு வரவில்லை. நேராக அடுக்களைக்குள் போனாள். பாத்திரங்கள் உருளுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மூக்கு வராதது எனக்கு என்னமோ போல இருந்தது.

சனிக்கிழமை காலை நான் இறங்கினேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் பத்தடி தள்ளி அவள் வந்தாள், பையோடு. நான் கூப்பிடவில்லை. ஏன் வருகிறாய் என்றும் கேட்கவில்லை. சாட்சி சொல்லத்தான் வருகிறாள் என்று தெரிந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

அப்படித்தான் ஆறு பேரும் அந்த அறையில் கூடினோம்.

முதலாளி தொடங்கினார். "எலே, கடைசியாக் கேக்குகேன். புது பிளாப்பி எங்க?"

"அவருக்க சட்டைப் பையில உண்டு."

"அது பழசாக்கும்."

கணக்கர் தொண்டையைச் செருமினார். "நான் ஒருத்தர் மேலயும் குற்றம் சொல்ல வரல்ல. கண்ணு கண்டதைச் சொன்னேன். சைக்கிள் கள்ளு ஷாப்புக்கு முன்னால நின்னுது. மெஷின் ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு சொல்லிச்சு. ரெண்டும் கண்டதாக்கும்."

"சார், லேபிள்ல நான்தான் 1.10-ன்னு எழுதியிருக்கேன்" என்றாள் பெண்.

"லேபிளை உரிச்சு வேற பிளாப்பியில ஒட்ட எத்தனை நேரம் ஆகும்? நீ அவனுக்கு வக்காலத்து வாங்கண்டாம்." முதலாளி மேசையைத் தட்டினார். "இந்த மெஷின் வாயால புதுசுன்னு ஒரு வார்த்தை வரட்டும். இவனைப் பின்னால இருத்தி நானே பொழியூர் வரைக்கும் சைக்கிள் மிதிக்கேன். சத்தியமாக்கும்."

"சார், ஸ்கூட்டர்..." என்றாள் பெண்.

"சைக்கிள்னுதான் சொன்னேன்."

முதலாளி நல்ல தடித்த ஆள். சைக்கிளைத் தொட்டே இருபது வருஷம் இருக்கும். தோற்க மாட்டோம் என்று நினைக்கிறவர்கள்தான் இப்படிச் சத்தியம் செய்வார்கள்.

பெண் பிளாப்பியை வாங்கிப் போட்டாள். எங்கள் மெஷினிலும் 1.9 இருந்தது. கரகரவென்று சத்தம். எழுத்து வந்தது. வந்தது 1.1. பழையது.

"கண்டியா?" என்றார் முதலாளி.

அப்போது என் மனைவி முன்னால் வந்தாள். பையில் கைவிட்டு ஒரு குப்பியை எடுத்து முதலாளியின் மேசையில் வைத்தாள். நாரத்தங்காய் ஊறுகாய். வாய் அகலமான குப்பி. மூடி உடைந்து போய் மாதங்கள் ஆயிருந்தன. மூடிக்குப் பதில் மேலே ஒரு பிளாப்பி. நூல் போட்டுக் கட்டியிருந்தாள்.

"சாரே, இதாக்கும் உங்க ஒண்ணு புள்ளி ஒண்ணு. கொண்டு வந்த நாள்ல இருந்து எங்க வீட்டு நாரத்தங்காய்க்கு மூடியாட்டு இருக்கு. வெளிய போகல்ல. நேத்து ராத்திரி தேடிப் பிடிச்சேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பெண் குனிந்து பார்த்தாள். லேபிளில் எண்ணெய் வட்டம். நடுவில் அவள் கையெழுத்து, 1.1. "இது நான் எழுதினதுதான். ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்" என்றாள்.

கணக்கரும் குனிந்தார். "நல்லா ஊறியிருக்கு" என்றார். அவர் பார்த்தது லேபிளை அல்ல.

"அப்ப மெஷினுக்குள்ள இருக்கது என்ன எளவு?" என்றார் முதலாளி.

நான் திரையைப் பார்த்தேன்.

"பத்துக்க சைபர் எங்க?" என்று கேட்டேன்.

பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு திரையை. பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டாள். "எனக்க கர்த்தாவே" என்றாள். அவள் கோயிலுக்குப் போகிற குடும்பம். எங்களோடு இருந்து இருந்து அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது.

அவள் சொன்னது இது. பேசிக் என்று ஒரு மொழியில் எழுதுகிறாள். அதில் ஒரு விஷயத்தை எண்ணாகவும் வைக்கலாம், எழுத்தாகவும் வைக்கலாம். வெர்ஷனைப் புள்ளி வைத்த எண்ணாக வைத்துவிட்டாள். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வருகிற சைபருக்கு மதிப்பில்லை என்று மெஷின் அதைத் தள்ளிவிடும். ஒன்று புள்ளி பத்தும் ஒன்று புள்ளி ஒன்றும் அதற்கு ஒன்றுதான்.

"கணக்குப்படி அது சரிதான் அண்ணே."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றேன்.

அவள் மாற்றினாள். எண்ணாக வேண்டாம், எழுதினது எழுதினபடி எழுத்தாக இருக்கட்டும். இனி சைபரைத் தொட முடியாது. மறுபடி ஓட்டினாள்.

வந்தது 1.10. இருப்பது 1.9. பழையது. வேண்டாம்.

முதலாளி நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினார். அன்றைக்கு முதல் சுற்று. "சைபர் வந்தாச்சு. புதுசு வரல்ல. நான் சொன்ன வார்த்தை என்ன? மெஷின் வாயால புதுசுன்னு வரணும்."

"புதன்கிழமை எழுதினது சார் இது" என்றாள் பெண். குரல் இறங்கியிருந்தது.

"அது எப்ப எழுதினதோ. ஒண்ணு பத்து, ஒண்ணு ஒன்பதைவிடச் சின்னது. எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும்."

கணக்கர் தலையாட்டினார். "ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டர். ரெண்டாவதுதான் பெருசு. அதுல சம்சயமில்ல."

பெண்ணும் பாதி தலையாட்டிவிட்டாள். அவளுக்கே குழம்பிவிட்டது. மூன்று பேரும் காலேஜ் படித்தவர்கள். மூன்று பேருக்கும் புள்ளிக் கணக்கு தெரியும். அதுதான் தொல்லை. புள்ளிக் கணக்கு ஐந்தாம் வகுப்பில் வருகிறது. நான் நாலோடு நின்றவன். அந்தக் குழியில் விழ எனக்கு வழியில்லை.

என் மனைவி மெல்லச் சொன்னாள். "மூணாம் அதிகாரம் பத்தாம் வசனம், ஒன்பதாம் வசனத்துக்கு முந்தியா வரும்? எந்த ஆலயத்துல அப்படி வாசிக்காவ?"

"அது உங்க ஆலயத்துல. இது கம்ப்யூட்டர்" என்றார் முதலாளி. 

கணக்கர் சபைக்காரர் அல்லவா. அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

நான் பெண்ணிடம் கேட்டேன். "மக்கா, இது எப்படிப் பாத்து சின்னதுன்னு சொல்லுகு?"

"இப்ப எழுத்தா வச்சிருக்கனால, அகராதி மாதிரி ஒவ்வொரு எழுத்தாப் பாக்கும் அண்ணே. முதல்ல ஒண்ணும் ஒண்ணும் சமம். புள்ளியும் புள்ளியும் சமம். அடுத்து இங்க ஒண்ணு, அங்க ஒன்பது. ஒண்ணு சின்னது. முடிஞ்சுது. பின்னால வர்ற சைபரைத் திரும்பிக்கூடப் பாக்காது."

புரிந்தது. பத்தைப் பத்தாகப் பார்க்காமல் தலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் எண்ணுகிறவன் இப்படித்தான் எண்ணுவான்.

முதலாளியைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தேன் என்றும் சொல்லலாம். அந்த நிலம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"சாரே, உங்க வீட்டுக்க சர்வே நம்பர் என்ன?"

"எதுக்கு?"

"சும்மா."

"எண்பத்தேழில் பத்து. நீதானே அளந்த?"

"எண்பத்தேழில் ஒன்பது?"

முதலாளி முகம் கறுத்தது. "அது எனக்க மச்சினன்." மனைவியின் அண்ணன். இரண்டு பேருக்கும் வேலி வழக்கு ஏழு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு முழ வேலி.

"எண்பத்தேழில் ஒண்ணு?"

"ரோட்டோரத்துல அந்தப் பன்னிக்கூடு."

"மக்கா, எண்பத்தேழுல ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரைக்கும் அடி. இதே வழியில மெஷினை வரிசை வைக்கச் சொல்லு" என்றேன்.

பெண் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடித்தாள். 

வரிசை வந்தது. 87/1. அடுத்தது 87/10. அடுத்தது 87/11. பிறகுதான் இரண்டு, மூன்று என்று போய்க் கடைசியில் 87/9.

முதலாளி எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பன்னிக்கூட்டுக்குப் பக்கத்துல சாருக்க வீடு" என்றேன். "மச்சினனுக்குக் கடைசி. வாய்க்கால் பக்கம். நல்ல காத்து வரும். இடையில வேலியும் இல்ல, வழக்கும் இல்ல."

"இது தப்பு!"

"மெஷின் பொய் சொல்லாதுன்னு சார்தானே சொன்னது."

"எலே, மண்டையில களிமண்ணா? அந்தச் சங்கிலியைப் பிடிச்சவன் நீயில்லியா? ஒன்பது கழிஞ்சா பத்து! பத்து கழிஞ்சா பதினொண்ணு! ஒன்பதுக்கு முந்தி பத்து எந்த லோகத்துல வரும்?"

கீழே ஒரு டயருக்குக் காற்று ஏறுகிற சத்தம் கேட்டது.

முதலில் சிரித்தது கணக்கர். அதுவரை வாயை மூடியிருந்ததற்கும் சேர்த்துச் சிரித்தார். பிறகு பெண். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்தினாள். முதலாளி தன் வாயில் இருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் கேட்டவர் போல நின்றார்.

பெண் திரும்பி எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே எனக்குச் சொன்னாள். எழுத்தாக வாங்கிக்கொள்வது. புள்ளி இருக்கிற இடத்தில் வெட்டுவது. இடத்துண்டு ஒரு எண், வலத்துண்டு ஒரு எண். முதலில் இடத்துண்டுகள் இரண்டையும் பார். ஒன்று பெரிது என்றால் அதோடு நிறுத்து. சமம் என்றால் வலத்துண்டுகளைப் பார். பத்தையும் ஒன்பதையும் முழு எண்ணாகப் பார்.

"புள்ளியே இல்லாம, வெறும் ரெண்டுன்னு வந்தா?" என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

"பங்கு வைக்காத நிலம். வலப்பக்கம் சைபர்" என்றேன்.

"அப்ப ரெண்டும், ரெண்டு புள்ளி சைபரும் ஒண்ணு."

"ஒண்ணுதான். அந்த சைபரைத் தள்ளினா எனக்கு வருத்தமில்ல."

ஓட்டினாள். கரகரவென்று சத்தம். அத்தனை தலையும் திரைக்கு முன்னால்.

இருப்பது 1.9. வந்தது 1.10. புதியது. ஏற்றட்டுமா?

கணக்கர் என் பக்கம் திரும்பினார். "தப்பாப் போச்சு. ஜெபக்கூட்டத்துல நான் சொன்னதை நானே திருத்திச் சொல்லுகேன்" என்றார். நல்ல மனுஷன். சொன்னபடி அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னார். அன்று போகும்போது நாரத்தங்காய் ஒரு துண்டு கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார்.

என் மனைவி குப்பியைப் பையில் வைத்தாள். 1.1-ஐயும் அதன் மேல் வைத்துக் கட்டினாள். கதவருகில் என்னிடம் வந்து நின்றாள். மூக்கு வந்தது. அத்தனை பேர் முன்னாலும். முகர்ந்துவிட்டு நிமிர்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"குடிக்கல்ல. அது எனக்கு வியாழக்கிழமையே தெரியும். அப்ப ஷாப்புக்கு முன்னால சைக்கிள் எதுக்கு நின்னுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"காத்து எறங்கிச்சு" என்றேன்.

"ம்" என்றாள். படி இறங்கினாள்.

முதலாளி வார்த்தை மாறுகிறவர் அல்ல. அதை நான் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டையின் கையை மடித்தார். வேட்டியையும் மடித்துக் கட்டினார். புதிதாக எழுதின பிளாப்பி சோற்றுப் பாத்திரத்தில். நான் கேரியரில், சிவப்பு ரப்பர்த் துண்டின் மேல். டயர்க்கடைக்காரன் இரண்டு சக்கரத்துக்கும் காசு வாங்காமல் காற்று அடித்துவிட்டான். அடிக்கும்போது தோள் குலுங்கியது.

அமரவிளை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. "எந்தா சாரே, ஸ்கூட்டர் வித்தாச்சா?" ஒரு மருந்துக்கடைக்காரர். முதலாளி கையசைத்தார். கையசைத்ததில் சைக்கிள் ஓடைப் பக்கம் போனது. நான் கால் ஊன்றினேன்.

உதியன்குளங்கரையில் ஒரு ஆசிரியர் நிறுத்தியே கேட்டார். உடம்பு இளைக்கவாக்கும் என்றார் முதலாளி. பின்னால் இருக்கிற ஆள் எதற்கு என்றார் ஆசிரியர். எடைக்கு என்றேன் நான். அதற்குப் பிறகு முதலாளி எங்கும் நிற்கவில்லை. ஆட்கள் நின்று கேட்டார்கள். ஓடிக்கொண்டே கேட்டார்கள். ஒரு பஸ்ஸின் ஜன்னலில் இருந்து கேட்டார்கள். எனக்குச் சங்கிலி பிடித்த பழக்கம். எதையாவது எண்ணாமல் இருக்க வராது. விரலில் எண்ணிக்கொண்டே போனேன்.

உச்சக்கடை வந்தது. கள்ளுக்கடை வந்தது. வாசலில் சமையல்காரர் நின்றிருந்தார். சைக்கிளைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மீன்கறி வேண்டாமா? வியாழக்கிழமை ரெண்டு தட்டு கேட்டீரு! யாரு, சாரையா கொண்டு வாறீரு? சாரு சைக்கிளிலோ?"

முதலாளி பிரேக் பிடித்தார். அன்றைக்கு அவர் பிடித்த ஒரே நல்ல பிரேக். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார்.

"காத்து எறங்கிச்சு, இல்லியா?"

நான் கேரியரில் இருந்து இறங்கினேன்.

"மீன்கறியா?"

"ஆமா."

"வீட்டுல?"

"புளி கூடும்."

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். சைக்கிள் ஆடியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "சரி. நான் உனக்க பெஞ்சாதிகிட்ட இதைச் சொல்லல்ல. இன்னைக்கு ரோட்டுல எத்தனை பேரு கேட்டான்னு நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. நீ எண்ணிக்கிட்டு வாறது எனக்குத் தெரியும்."

"சரி" என்றேன்.

மீன்கறி தின்றோம். இரண்டு பேரும். பிறகு பொழியூர் போனோம். பிளாப்பி ஏறியது. அரைக்கட்டிக்கு அரைக்கட்டி பில் வந்தது. திரும்பும்போது நான் மிதித்தேன். சத்தியம் போவதற்கு மட்டும்தான்.

அந்தப் பூட்டு பிறகு தவறவில்லை. 1.11 வந்தது, 1.12 வந்தது. ஒரு தடவை சோதனைக்கு என்று 1.13-க்குப் பின்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தாள். சோதனை 1.13 பெரிதா, வெறும் 1.13 பெரிதா என்று என்னிடம் கேட்டாள். நிச்சயதார்த்தம் கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுதினாள். எழுத்து ஒட்டினது முந்தினது.

முதலாளி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். நானும் காப்பாற்றினேன். ஆனால் போன வருஷம் ஒரு நாள் என் மனைவி மீன்கறி வைத்து முன்னால் வைத்தாள். தின்றேன். "உச்சக்கடை ஷாப்பு மாதிரி உண்டா?" என்று கேட்டாள். எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்த மூக்குக்குக் கள்ளும் மீனும் பிரித்துத் தெரியாதா.

அவளுக்கே தெரிந்துவிட்டது. இனி ஒப்பந்தம் இல்லை. அன்றைக்கு ரோட்டில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை நான் மறக்கவில்லை. கள்ளுக்கடைச் சமையல்காரரையும் சேர்த்து, போகிற வழியில் மட்டும்:

இருபத்து மூன்று.